சத்தமே கேக்கலையே டாக்டர்

மதியம் இரண்டு மணி இருக்கும். ஒன்றேகால் வயதுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு தாத்தா ஓடிவந்தார். பின்னாலேயே அம்மா. "பாத்ரூம் பக்கெட்ல தலைகுப்புறக் கிடந்தான். பக்கத்து ரூம்லதான் துணி மடிச்சிட்டிருந்தேன். சத்தமே கேக்கலையே டாக்டர்!"

பையன் பிழைத்துக்கொண்டான். எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சத்தம்.

சினிமாவில் மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார். நிஜத்தில் கத்துவதற்கு மூச்சு வேண்டும். வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது அது ஏது? தவழும், தத்தி நடக்கும் வயதில் உடம்புக்குத் தலைதான் பாரம். எட்டிப் பார்த்தால் தலை முன்னால் போய்விடும். தன்னைத் தூக்கிக்கொள்ளக் கையில் வலு இருக்காது. காலி பக்கெட் என்றால் பிள்ளையோடு சேர்ந்து கவிழ்ந்துவிடும். பாதித் தண்ணீர் இருந்தால் அசையாமல் நிற்கும்; அதுதான் ஆபத்து.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

நம் வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள் என்று சொன்னால் என்னை அடிக்க வருவீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வந்தால் குடம், அண்டா, டிரம் எல்லாம் நிரப்பத்தான் வேண்டும். சரி, மூடி வையுங்கள். குளித்து முடித்ததும் பக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள். பாத்ரூம் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். லாரித் தண்ணீர் இறக்கும் அன்று சம்ப் மூடியைத் திறந்துவைத்துவிட்டு டிரைவருக்குப் பணம் எடுக்க உள்ளே போகிறோமே, அந்த இரண்டு நிமிடம் போதும். விசேஷ வீடுகள் இன்னும் மோசம். பத்துப் பேர் இருப்பார்கள், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று பத்துப் பேரும் நினைப்பார்கள். இன்னார்தான் பார்க்க வேண்டும் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் கையில் செல்போன் வேண்டாம்.

பெரிய பிள்ளைகளின் கதை வேறு. மே மாத லீவில் தாத்தா ஊர், கிணறு, கண்மாய், கைவிட்ட கல்குவாரி. மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. நீச்சல் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகிய தலைமுறைதானே நாம். ஆனால் நீச்சல் குளத்தில் பழகியவன் குவாரிக்குப் பயப்படத்தான் வேண்டும். ஏறி வரப் படி இல்லாத இடம் அது.

ஒருவன் மூழ்கினால் காப்பாற்றக் குதிக்கும் நண்பனும் சேர்ந்து போவது அடிக்கடி நடக்கிறது. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கிருந்த பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரை மீட்டார்கள். கயிறு, வேட்டி, கம்பு, காலி பிளாஸ்டிக் கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

அப்புறம் முதலுதவி. தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் இன்னும் நடக்கிறது. அதனால் நுரையீரல் தண்ணீர் வெளியே வராது. வயிற்றில் இருப்பதுதான் மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். மூளை தாங்குவதே சில நிமிடங்கள்தான், அதைச் சுற்றிச் சுற்றியே தொலைத்துவிடுகிறோம். மூச்சு இல்லையென்றால் தரையில் மல்லாத்தி, தாடையைச் சற்று உயர்த்தி, முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். கைக்குழந்தை என்றால் அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊத வேண்டும். அசைவு தெரியாவிட்டால் நடு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று 108 ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் செய்யுங்கள். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

அந்தப் பையனுக்கு இதைச் செய்தது மாடியில் குடியிருந்த நர்ஸ் அக்கா.

பத்து நாள் கழித்து மறுபடி காட்ட வந்தார்கள். "பக்கெட்டையெல்லாம் கவுத்து வெச்சாச்சு டாக்டர்" என்றார் தாத்தா பெருமையாக.

"சம்ப் மூடி?" என்றேன்.

தாத்தா மகளைப் பார்த்தார்.