கேட் என்றால் வாசலா, மடையா?

எஃப்பிஜிஏ என்ற மின்னணுச் சில்லின் பெயரை விரித்தால் ஃபீல்ட், புரோகிராமபிள், கேட், அர்ரே என்று நான்கு சொற்கள். அர்ரேவுக்கு ‘அணி’ என்பது பழகிவிட்டது. வம்பு மற்ற மூன்றிலும்தான்.

ஃபீல்ட் இங்கே வயல் இல்லை. பழைய கேட் அர்ரே சில்லில் இணைப்புகளைத் தொழிற்சாலையிலேயே போட்டுவிடுவார்கள். அப்புறம் மாற்ற முடியாது. எஃப்பிஜிஏவில் வாங்கியவரே தன் இடத்தில் இணைப்பை அமைக்கலாம். அந்த இடம்தான் ஃபீல்ட். களப்பணி என்கிறோமே, அந்தக் ‘களம்’ சரியாகப் பொருந்தும்.

கேட் என்பது உள்ளே வரும் 0, 1-களைப் பார்த்து ஒரு விடை தரும் சின்னச் சுற்று. அதற்கு நம் பக்கம் ‘வாயில்’, இலங்கையில் ‘படலை’. இரண்டும் வீட்டுக்கு முன்னால் நிற்பவை. கூடலூரில் மாமா பெரியாற்றுத் தண்ணீரை வயலுக்குத் திருப்புவதைப் பார்த்தபோது எனக்கு ‘மடை’ பிடித்துப்போனது. ஒரே வாய்க்காலில் மேல்மடையும் கீழ்மடையும் திறந்தால்தான் வயல் நனையும்: அது ஆண்ட் கேட். இரண்டு வாய்க்காலில் எது திறந்தாலும் நனையும் என்றால் ஆர் கேட். 0 வந்தால் 1, 1 வந்தால் 0 என்று திருப்பித் தரும் நாட் கேட்தான் மடைக்குள் அடங்கவில்லை. “வந்தா வராது, வராட்டி வருமா? நம்ம குமுளி பஸ்ஸுல்ல அது, மாப்ள!” என்றார் மாமா, மண்வெட்டியைத் தோளில் போட்டபடி.

வேடிக்கை என்னவென்றால், எஃப்பிஜிஏவின் தருக்கக் கட்டத்துக்குள் பார்த்தால் ஆண்ட், ஆர் என்று தனித்தனிக் கேட் இருக்காது. தேடல் அட்டவணைகள்தான் இருக்கும். நான்கு உள்ளீடு என்றால் 16 சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் விடை 0 அல்லது 1 என்று முன்பே எழுதி வைத்திருக்கும். 1985-இல் சைலிங்க்ஸ் நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்சி2064 என்ற எஃப்பிஜிஏவில் இப்படி 64 தருக்கக் கட்டங்கள். குளம் தூர்ந்த பிறகும் நிறுத்தத்துக்குக் குளத்துக்கரை என்றே பெயர் நிற்கிறதே, கேட்டும் அப்படித்தான்.

இனி புரோகிராம். ‘நிரல்’ என்றால் வரிசை. இலக்கணத்தில் நிரல்நிறை என்று படித்திருப்போம். கணினி நிரல் வரிசையாக ஓடுவதால் அங்கே பொருத்தம். ஆனால் எஃப்பிஜிஏவை அமைக்க எழுதும் வெரிலாக், விஎச்டிஎல் இரண்டும் வன்பொருள் விவரிப்பு மொழிகள். வெரிலாக்கில் எதற்கு எது விடை என்று சொல்லும் அசைன் வரிகள் பத்து எழுதினால் பத்தும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். மேலே இருப்பது முதலில், கீழே இருப்பது பிறகு என்ற கணக்கே இல்லை. சி மொழி படித்துவிட்டு வந்த நான் ஒரு வாரம் தடுமாறியது இங்கேதான்.

அதனால் ‘நிரல்’ வேண்டாம், ‘அமை’ போதும் என்று தோன்றியது. முதலில் ‘களவமை’ என்று எழுதிப் பார்த்தேன். களவு எட்டிப் பார்த்தது. சரி, ‘களத்தமை மடையணி’. தேர்வுத்தாளில் மட்டும் வாயில் என்றே எழுதிவிடுங்கள்.