விதை ரகத்துக்கு உரிமைப் பதிவு: ஆசிய நாடுகளின் விதி என்ன, இந்திய உழவருக்கு என்ன உண்டு?

ஷைன் மஸ்கட் என்ற பச்சைத் திராட்சை இன்று ஆசியச் சந்தைகளில் நல்ல விலைக்குப் போகிறது. கொட்டை இல்லை, தோலோடு சாப்பிடலாம், மணமும் இனிப்பும் தூக்கல். இதை உருவாக்கியது ஜப்பானின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். 2006-இல் சொந்த நாட்டில் பதிவு செய்தார்கள், வெளிநாடுகளில் செய்யவில்லை. அதற்கான கெடு கடந்துபோனது. கொடியின் குச்சிகள் சீனாவுக்கும் கொரியாவுக்கும் போய்ச் சேர்ந்து வேர்விட்டன. இன்று சீனாவில் அதன் பரப்பு ஜப்பானைவிடப் பல மடங்கு. அங்கே பயிராகும் அளவை வைத்து ஜப்பான் வேளாண் அமைச்சகம் போட்ட கணக்குப்படி, உரிமத்தொகையில் மட்டும் ஆண்டுக்கு 1,000 கோடி யென்னுக்கு மேல் இழப்பு.

ரக உரிமைச் சட்டங்களின் இரண்டு அடிப்படை விதிகள் இதிலேயே தெரிந்துவிடுகின்றன. முதலாவது, இந்த உரிமை அந்தந்த நாட்டின் எல்லைக்குள்தான் செல்லும். ஜப்பானில் வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு கொரியாவில் வழக்குப் போட முடியாது. இரண்டாவது, கெடு. விதையோ கன்றோ முதன்முதலாக விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே காலக்கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். பெரும்பாலான நாடுகளின் சட்டப்படி உள்நாட்டில் விற்ற ஓராண்டுக்குள் அங்கே விண்ணப்பித்துவிட வேண்டும். வெளிநாட்டில் பதிவு செய்வதானால் 4 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு, மரம், கொடி வகைகளுக்கு 6 ஆண்டுகள். அதற்குள் விண்ணப்பிக்காவிட்டால் ‘புதிய ரகம்’ என்ற தகுதி போய்விடும். அதன்பிறகு அந்த நாட்டில் யார் பயிரிட்டாலும் கேட்க வழியில்லை.

பதிவு என்றால் என்ன?

ஒரு புதிய ரகத்தைப் பதிவு செய்தவருக்கு, அதன் விதையை உற்பத்தி செய்யவும் விற்கவும் ஏற்றுமதி, இறக்குமதி செய்யவும் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமை கிடைக்கிறது. மற்றவர்கள் அந்த விதை வியாபாரத்தில் இறங்க வேண்டுமானால் அவரிடம் உரிமம் வாங்க வேண்டும். இது காப்புரிமை அல்ல. பதிவு பெற்ற ரகத்தை வேறொருவர் தன் ஆராய்ச்சி வயலில் கலப்புக்கு எடுத்துப் புது ரகம் உருவாக்கலாம், அதற்குத் தடையில்லை. விதை விற்கும் அனுமதியும் இதில் சேராது. இந்தியாவில் அதற்கு 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் தனியாக இருக்கிறது.

பதிவுக்கு முன் ரகத்தை வயலில் போட்டுப் பார்ப்பார்கள். தனித்தன்மை, சீர்மை, நிலைத்தன்மை என்ற மூன்றும் அதில் சோதிக்கப்படும். நெல்லை எடுத்துக்கொள்வோம். புதிய ரகத்தையும் அதை ஒத்த பழைய ரகங்களையும் பக்கம் பக்கமாக நட்டு, முளைக்குருத்தின் நிறத்திலிருந்து ஆரம்பித்து அறுபதுக்கும் மேற்பட்ட பண்புகளைப் பயிர் வளர வளரக் குறித்துக்கொண்டே வருவார்கள். தூரின் அடியில் இலை உறை ஊதா ஓடியிருக்கிறதா, கதிரை ஒட்டிய கடைசி இலையான கண்ணாடி இலை நிமிர்ந்து நிற்கிறதா சாய்ந்திருக்கிறதா, நெல்மணியின் நுனியில் மீசை உண்டா, ஆயிரம் மணியின் எடை எவ்வளவு, உமி நீக்கினால் அரிசி என்ன நிறம் என்று பட்டியல் நீளும். ஏற்கெனவே அறியப்பட்ட ரகங்களிலிருந்து ஒரு பண்பிலாவது தெளிவாக வேறுபட வேண்டும். கலவன் செடிகள், அதாவது ரகத்தின் பண்போடு ஒத்துவராத செடிகள், அனுமதித்த அளவைத் தாண்டக் கூடாது. அடுத்தடுத்த பட்டத்தில் விதைத்தாலும் அதே பண்புகள் வர வேண்டும்.

விளைச்சல் எவ்வளவு, நோய் தாங்குமா என்ற கேள்விகளுக்கு இந்தச் சோதனையில் இடமில்லை. அதனால் ‘பதிவு பெற்ற ரகம்’ என்று பையில் போட்டிருப்பதைப் பார்த்து அது நன்றாக விளையும் என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

இந்தியாவில் பதிவுக் காலம் மரம், கொடி வகைகளுக்கு 18 ஆண்டுகள், மற்ற பயிர்களுக்கு 15 ஆண்டுகள். முதல் சான்றிதழ் முறையே 9 ஆண்டுகளுக்கும் 6 ஆண்டுகளுக்கும்தான் செல்லும். பிறகு கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

ஒரே கண்டம், பல சட்டங்கள்

அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தம், பயிர் ரகங்களுக்குக் காப்புரிமை வழியாகவோ தனிச் சட்டம் வழியாகவோ பாதுகாப்புத் தர வேண்டும் என்கிறது. எந்த மாதிரியான தனிச் சட்டம் என்பதை நாடுகளிடமே விட்டுவிட்டது. ஒரு பக்கம், புதிய பயிர் ரகங்களின் பாதுகாப்புக்காக ஜெனீவாவில் இயங்கும் உபோவ் (UPOV) என்ற பன்னாட்டு அமைப்பு. 1961-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் பிறந்தது. 1991-இல் அந்த ஒப்பந்தம் திருத்தப்பட்டபோது ரகத்தை உருவாக்கியவரின் உரிமை பெரிதாகி, உழவர் விதை எடுத்துவைப்பது அந்தந்த நாடு விரும்பினால் மட்டும் தரும் விலக்காகச் சுருங்கியது. ஜப்பான் 1982-இலும், சீனா 1999-இலும், தென் கொரியா 2002-இலும், சிங்கப்பூர் 2004-இலும், வியட்நாம் 2006-இலும் இதில் சேர்ந்தன. இவற்றில் சீனா மட்டும் 1978-ஆம் ஆண்டின் பழைய வடிவத்திலேயே நிற்கிறது.

இந்தியா, தாய்லாந்து, மலேசியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகியவை உபோவில் சேராமல் சொந்தச் சட்டம் இயற்றிக்கொண்டன. தாய்லாந்தின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு வட்டாரத்துக்கே உரிய உள்ளூர் ரகத்தை அந்தச் சமூகம் தன் பெயரில் பதிவு செய்துகொள்ள வழி வைத்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் சட்டம் சிறு உழவர்கள் தங்களுக்குள் விதையை மாற்றிக்கொள்வதை அனுமதிக்கிறது. மலேசியாவில் உழவரோ பழங்குடிச் சமூகமோ உருவாக்கிய ரகத்துக்குச் சீர்மை, நிலைத்தன்மைச் சோதனை கட்டாயமில்லை. புதியதாக இருந்து, வேறுபடுத்தி அடையாளம் காண முடிந்தால் போதும். இவை நல்ல விதிகள். உழவர் வயலில் தலைமுறை தலைமுறையாக வந்த ரகத்தில் ஆய்வுக்கூடச் சீர்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஜப்பான் நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது. ஷைன் மஸ்கட் அடிக்குப் பிறகு 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். பதிவு பெற்ற ரகத்தின் விதை, கன்றுகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதை உரிமையாளர் 2021 ஏப்ரல் முதல் தடுக்கலாம். 2022 ஏப்ரல் முதல், பதிவு பெற்ற ரகத்தில் சொந்த வயலுக்கு விதை எடுத்துவைக்கவும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். முதல் விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. இரண்டாவதில், வெளியே நடந்த கசிவுக்கு உள்ளூர் உழவரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள் என்பதே என் எண்ணம்.

கூட்டு முயற்சி எதில் வேண்டும்?

ஆசியாவின் விதை என்றுமே ஒரே நாட்டுச் சொத்தாக இருந்ததில்லை. தஞ்சைத் தரணியில் அறுபதுகளில் விளைச்சலைத் தூக்கி நிறுத்திய ஏ.டி.டி. 27, ஜப்பானின் நோரின் 10 நெல்லும் நம்மூர் ஜி.இ.பி. 24 நெல்லும் கலந்து பிறந்தது. பொன்னி வந்தது மலேசியாவின் மசூரியிலிருந்து. மசூரியின் பெற்றோரோ தைவானின் தைச்சுங் 65-உம் மலேயாவின் மயாங் எபோஸும். 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து வெளிவந்த ஐ.ஆர். 8, இந்தோனேசியாவின் பீட்டாவையும் தைவானின் குட்டை நெல்லையும் கொண்டு உருவானது. இவற்றுக்கு யாரும் யாருக்கும் உரிமத்தொகை கட்டவில்லை. இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோனால் இழப்பு எல்லா நாடுகளுக்கும்தான்.

இன்று இரண்டு மேடைகள் முக்கியமானவை. கிழக்காசியப் பயிர் ரகப் பாதுகாப்பு மன்றம் 2008-இல் தொடங்கியது. ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், கொரியாவும் அதில் இருக்கின்றன. சோதனை அதிகாரிகளுக்குப் பயிற்சி தருவதும், சோதனை முறைகளை ஒன்றுக்கொன்று ஒத்துவரச் செய்வதும் அதன் வேலை. இந்தியா அதில் இல்லை. மற்றொன்று ஆசிய பசிபிக் விதைச் சங்கம். 1994-இல் தொடங்கி பாங்காக்கில் தலைமையகம் வைத்திருக்கும் இதில் விதை நிறுவனங்கள், தேசிய விதைச் சங்கங்கள், அரசு அமைப்புகள் எல்லாம் உறுப்பினர்கள். இது ஆண்டுதோறும் கூட்டும் ஆசிய விதை மாநாடுதான் இந்தப் பகுதியின் விதை வணிகர்கள் நேருக்கு நேர் பேசும் இடம்.

இந்தக் கூட்டுறவில் உண்மையான பயன் எங்கே என்றால், சோதனை அறிக்கையில். ஒரு ரகத்தை மூன்று நாடுகளில் பதிவு செய்ய, மூன்றிலும் தனித்தனியாகப் பருவக்கணக்கில் நட்டுப் பார்க்க வேண்டியிருந்தால் செலவும் காலமும் மும்மடங்கு. ஒரு நாட்டின் வயல் அறிக்கையை அடுத்த நாடு ஏற்றுக்கொண்டால் பெரிய நிறுவனத்தைவிடச் சிறிய நிறுவனத்துக்கும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கும்தான் லாபம், ஏனென்றால் பெரிய நிறுவனம் அந்தச் செலவை எப்படியும் தாங்கும். விண்ணப்பப் படிவங்களும் ஒரே மாதிரி ஆகட்டும், போலி விதை எல்லை தாண்டுவதைச் சேர்ந்து தடுக்கட்டும். ஆனால் ஒத்துழைப்பு என்ற பெயரில் எல்லா நாடும் 1991 உபோவ் சட்டத்தையே ஏற்க வேண்டும் என்று வற்புறுத்துவது வேறு சமாசாரம். ஜப்பான், சிங்கப்பூர், வியட்நாம், மலேசியா இருக்கும் சி.பி.டி.பி.பி. (CPTPP) என்ற பல நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனையே இருக்கிறது. சோதனை அறிக்கையைப் பகிர்ந்துகொள்ள உழவரின் விதைப் பானையில் கை வைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இந்தியச் சட்டம் உழவருக்குத் தருவது

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டம் 2001-இல் வந்தது. அதை நடத்தும் ஆணையம் 2005 நவம்பரில் புது தில்லியில் அமைந்தது. உருவாக்கியவரின் உரிமையும் உழவரின் உரிமையும் ஒரே சட்டத்தில் உண்டு.

39-ஆவது பிரிவுதான் அதன் உயிர். பதிவு பெற்ற ரகமாகவே இருந்தாலும், அதில் விளைந்ததை உழவர் விதையாக எடுத்துவைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்து வயல்காரருக்கு மாற்றிக்கொடுக்கலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். இந்தச் சட்டம் வருவதற்கு முன் எப்படிச் செய்தாரோ அப்படியே. ஒரே ஒரு தடைதான். பையில் அடைத்து, பாதுகாக்கப்பட்ட இன்ன ரகம் என்று லேபிள் ஒட்டி விற்கக் கூடாது.

இந்தப் பிரிவு 2019-இல் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. சிப்ஸ் தயாரிப்புக்கான எஃப்.எல். 2027 உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாக பெப்சிகோ நிறுவனம் குஜராத் உழவர்கள் மீது வழக்குப் போட்டது. நான்கு பேரிடம் ஆளுக்கு 1 கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு கேட்டது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்ப, மே மாதத்தில் வழக்குகளைத் திரும்பப் பெற்றது. ஒரு மனுவின் பேரில் ஆணையம் 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவையே ரத்து செய்தது. 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்து உத்தரவை நீக்கிவிட்டது. ஆக, பதிவு பற்றிய சண்டையில் நிறுவனத்துக்குச் சாதகமான தீர்ப்பு. ஆனால் 39-ஆவது பிரிவு எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கிறது.

ஒரு ரகத்துக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாமல் உழவர் அதை மீறினால் அது மீறலாகக் கருதப்படாது என்கிறது 42-ஆவது பிரிவு. ஆணையத்திலோ உயர் நீதிமன்றத்திலோ இந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் எந்த நடவடிக்கைக்கும் உழவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது என்பது 44-ஆவது பிரிவு. விளைந்த விதை மறுபடி முளைக்காதபடி செய்யும் மலட்டு விதைத் தொழில்நுட்பம் உள்ள ரகத்துக்குப் பதிவே கிடையாது.

உழவர் தன் ரகத்தையும் பதிவு செய்துகொள்ளலாம். மகாராஷ்டிரத்தின் நாந்தேடு கிராமத்தில் ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த தாதாஜி கோப்ரகடே, எண்பதுகளில் தன் வயலில் வித்தியாசமாகத் தெரிந்த சில கதிர்களைத் தனியே அறுத்து, ஆண்டுதோறும் பிரித்துப் பிரித்து விதைத்து எடுத்ததுதான் எச்.எம்.டி. நெல். அந்த ரகம் பல மாநிலங்களுக்குப் பரவியது. ஒரு வேளாண் பல்கலைக்கழகம் அவரிடம் விதை வாங்கிப் போய்த் தன் பெயரோடு சேர்த்து வெளியிட்டது. அப்போது உழவருக்குப் பதிவுச் சட்டம் கிடையாது. இன்று உண்டு. உழவர் ரகத்துக்குப் புதுமை நிபந்தனை இல்லை, கலவன் விகிதத்திலும் சலுகை தருகிறார்கள்.

பாரம்பரிய ரகத்தைக் காத்துவருபவர்களுக்கு மரபணுக் காவலர் விருதும் உண்டு. சமூகமாகச் சேர்ந்து காப்பவர்களுக்கு 10 லட்சம் ரூபாய், தனி உழவருக்கு 1.5 லட்சம் ரூபாய். உங்கள் ஊர் ரகத்தை அடிப்படையாக வைத்து ஒருவர் புது ரகம் பதிவு செய்திருந்தால், பலனில் பங்கு கேட்டு ஆணையத்துக்கு எழுதலாம். பணம் தேசிய மரபணு நிதி வழியாக வரும்.

விண்ணப்பிக்க, ரகத்தின் பண்புகளைப் படிவத்தில் நிரப்பி, ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுத் தலைவர் அல்லது மாவட்ட வேளாண் அலுவலரிடம் சான்று வாங்கி, விதை மாதிரியோடு அனுப்ப வேண்டும். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் படிவம் நிரப்ப உதவுவார்கள். ஆணையத்தின் கிளை அலுவலகம் ஒன்று கர்நாடகத்தின் சிவமொக்காவில் இருக்கிறது.

விதை வாங்கும்போது ரசீதையும் ரகத்தைப் பற்றி நிறுவனம் கொடுத்த துண்டறிக்கையையும் பத்திரமாக வையுங்கள். பதிவு பெற்ற ரகத்தை விற்பவர், எந்தச் சூழலில் எவ்வளவு விளையும் என்று உழவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். சொன்னபடி விளையாவிட்டால் ஆணையத்திடம் இழப்பீடு கோரலாம். அப்போது முதலில் கேட்கப்படுவது இந்த இரண்டு தாள்களையும்தான்.