உதிர்ந்து கிடக்குற தாடி லைக்கனை எடுங்க, மரத்துல இருக்குறதை பிய்க்காதீங்க

போன வாரம் மட்டும் எனக்கு வாட்ஸ்அப்ல 11 போட்டோ வந்துச்சு. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, மரக்கிளையில சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்துல நரைச்ச தாடி போல ஏதோ தொங்குது, கூடவே ஒரு கேள்வி: "மேடம் இது உஸ்னியா தானே, டீ போட்டு குடிக்கலாமா?" உஸ்னியாங்குறதுதான் தாடி லைக்கனோட அறிவியல் பேர். சில பேர் அதோட நிக்க மாட்டாங்க, அதுல எந்த ஸ்பீசிஸ், அதாவது எந்த இனம்னும் சொல்லுங்கனு கேப்பாங்க.

லைக்கன்களை வகைப்படுத்துறதுதான் என் வேலை, தினமும் மைக்ரோஸ்கோப் முன்னாடி உக்காந்து இதையேதான் பாக்குறேன். அந்த அனுபவத்துல சொல்றேன், நல்ல போட்டோவா இருந்தா உஸ்னியா ஜீனஸா (பல ஸ்பீசிஸ் சேர்ந்த பேரினம்) இருக்கலாம்னு ஒரு அளவுக்கு சொல்லிடலாம், ஆனா ஸ்பீசிஸ் பேரை போட்டோவை மட்டும் வச்சு யார் உறுதியா சொன்னாலும் நம்பாதீங்க. அந்த பேரை நம்பி எதையும் குடிக்காதீங்க. ஏன்னு விளக்கமா சொல்லத்தான் இந்த பதிவு.

முதல்ல, லைக்கன்ங்குறது வெறும் பாசி இல்ல, செடியும் இல்ல. ஒரு பூஞ்சையும் ஒரு பச்சை ஆல்காவும் (நுண்பாசி) சேர்ந்து கட்டுன உடம்பு. பூஞ்சை வீட்டைக் கட்டுது, உள்ள இருக்குற ட்ரெபூக்ஸியாங்குற ஆல்கா வெளிச்சத்துல சமைச்சு ரெண்டு பேருக்கும் சாப்பாடு போடுது. 1867-ல ஷ்வெண்டனர்னு ஒரு சுவிஸ் தாவரவியலாளர் லைக்கன் ஒரே உயிர் இல்ல, ரெண்டுனு சொன்னப்ப அந்தக் காலத்து பெரிய லைக்கன் ஆட்களே ஒத்துக்கல. இன்னைக்கு ரெண்டோட கூட நிக்கல, 2016-ல உஸ்னியாவோட குடும்பத்தையே சேர்ந்த ப்ரையோரியா லைக்கனோட மேல்தோல்ல ஈஸ்ட் மாதிரி இன்னொரு பூஞ்சையும் இருக்குனு கண்டுபிடிச்சாங்க. இருந்தாலும் நாம வைக்கிற அறிவியல் பேர் அந்த முக்கிய பூஞ்சைக்குத்தான் சேரும், ஆல்காவுக்கு தனி பேர். அதனால உஸ்னியாங்குறது ஆஸ்கோமைக்கோட்டா பிரிவுல பார்மீலியேசி குடும்பத்துல வர்ற ஒரு பூஞ்சையோட பேர்.

உஸ்னியாவா இல்லையானு கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு, இதை எல்லாரும் செஞ்சு பாக்கலாம். கீழ விழுந்து கிடக்குற ஒரு இழையை எடுத்து தண்ணில நனைச்சு ரெண்டு நிமிஷம் விட்டுட்டு ரெண்டு முனையையும் பிடிச்சு மெதுவா இழுங்க. வெளித்தோல் வளையம் வளையமா விட்டுப்போகும், உள்ள ஒரு வெள்ளை நூல் ரப்பர் மாதிரி நீளும். பூஞ்சை இழைகள் நெருக்கமா ஒட்டி உருவான நடுத்தண்டு அது, காத்து எவ்வளவு ஆட்டினாலும் இழை அறுந்துபோகாம தாங்குறது அதுதான். அலெக்டோரியா, ப்ரையோரியா, ராமலினானு மத்த லைக்கன்கள் எல்லாம் தூரத்துல இருந்து பாத்தா இதே தாடிதான், ஆனா இழுத்தா அந்த மீள்ற வெள்ளை நூல் இருக்காது. ஸ்பானிஷ் மாஸ்னு சொல்றது இன்னும் தூரம், அது பூ பூக்குற செடி, அன்னாசி குடும்பம், உரிச்சா உள்ள கருப்பு நார் இருக்கும். அதோட அறிவியல் பேரே டில்லாண்ட்ஸியா உஸ்னியாய்டிஸ், அதாவது உஸ்னியா மாதிரி இருக்குறது.

சரி, வெள்ளை நூல் வந்துடுச்சு, உஸ்னியாதான். அடுத்து எந்த உஸ்னியா? இங்கதான் எங்களுக்கே கஷ்டம் ஆரம்பிக்குது.

1753-ல லின்னேயஸ்ங்குற ஸ்வீடன் தாவரவியலாளர் எல்லா லைக்கனையும் லைக்கன்னு ஒரே ஜீனஸ்ல போட்டு ஆல்காக்களோட சேர்த்து வச்சார், அதுல தாடி மாதிரி இருந்ததுக்கு லைக்கன் பார்பாட்டஸ்னு பேர். அதுதான் பின்னாடி உஸ்னியா பார்பாட்டா ஆச்சு. ரொம்ப காலம் தொங்குற தாடி எதைப் பாத்தாலும் அந்த பேரைத்தான் எழுதினாங்க, இன்னைக்கும் மூலிகைனு விக்கிற பாக்கெட்கள்ல அதே பேரைப் பாக்குறேன், உள்ள நிஜமா எந்த ஸ்பீசிஸ் இருக்குனு அந்த லேபிளை வச்சு சொல்லவே முடியாது. இதுக்கு நேர் எதிரா 1930-கள்ல மோட்டிகாங்குற போலந்து நிபுணர் சின்னச் சின்ன வித்தியாசத்தை எல்லாம் தனி ஸ்பீசிஸா பிரிச்சு 400-க்கும் மேல கொண்டுபோய் நிறுத்தினார். அதுல பல ஸ்பீசிஸ் பின்னாடி ஒண்ணோட ஒண்ணா சேர்க்கப்பட்டுச்சு. காரணம் என்னன்னா ஒரே உஸ்னியா வெயில் படுற இடத்துல குட்டையா புதர் மாதிரியும் நிழலும் ஈரமும் இருக்குற இடத்துல நீளமா தொங்கியும் வளரும், வெளித்தோற்றம் அவ்வளவு ஏமாத்தும்.

இன்னொரு உதாரணம், எனக்கு ரொம்ப பிடிச்சது. உஸ்னியா ஃப்ளோரிடால கிளை நுனியில தட்டு தட்டா வித்துக்கிண்ணம் இருக்கும், சுத்தி கதிர் மாதிரி முடி, பாக்க சூரியன் போல அவ்வளவு அழகு. உஸ்னியா சப்ஃப்ளோரிடானால பொதுவா அந்த கிண்ணம் இருக்காது, அதுக்கு பதிலா பூஞ்சை இழையும் ஆல்காவும் சேர்ந்த மாவு போன்ற பொடியை உதிர்த்து பரவும். ஆண்டாண்டா ரெண்டும் வேற வேறனு படிச்சோம், 2002-ல வந்த டிஎன்ஏ ஆய்வு ரெண்டையும் பிரிக்க ஆதாரம் இல்லைனு சொல்லிடுச்சு. அதே மாதிரி மீட்டர் கணக்குல நீண்டு தொங்குற உஸ்னியா லாங்கிசிமாவை 2004-ல டோலிக்கஉஸ்னியானு தனி ஜீனஸுக்கு மாத்தினாங்க, ஆனா எல்லாரும் அதை ஏத்துக்கல, ரெண்டு பெயரும் புழக்கத்துல இருக்கு. லாங்கிசிமா கூட்டத்தோட நடுத்தண்டுல அயோடின் சொட்டு விட்டா நீலமா மாறும், உஸ்னியால மத்ததுல பொதுவா அப்படி மாறாது.

ஒரு மாதிரி என் மேஜைக்கு வந்தா நான் முதல்ல பாக்குறது அடிப்பகுதியை, மரத்தோட ஒட்டுற இடம் கருப்பா இருக்கா, இல்ல வெளிறிப்போய் இருக்கானு. அப்புறம் பிளேடால நீளவாக்குல சீவி மேல்தோல், நடுவுல பஞ்சு மாதிரி இருக்குற அடுக்கு, நடுத்தண்டு மூணும் எவ்வளவு தடிமன்னு அளப்பேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நிறம் மாறுதானு பாப்பேன், சாலசினிக் அமிலம்னு லைக்கன் உருவாக்குற ஒரு பொருள் இருந்தா மஞ்சளாகி சிவப்பாகும். இந்த சொட்டு சோதனையை 1866-ல நைலாண்டர்ங்குற பின்லாந்து லைக்கன் நிபுணர் கொண்டுவந்தது, இன்னைக்கும் அதைத்தான் செய்றோம். அதுலயும் தீரலைனா மெல்லடுக்கு குரோமட்டோகிராஃபி, அதாவது உள்ள இருக்குற வேதிப்பொருளை ஒண்ணொண்ணா பிரிச்சுப் பாக்குற சோதனை. இவ்வளவும் செஞ்சும் சில மாதிரிக்கு நான் "உஸ்னியா, ஸ்பீசிஸ் தெரியல"னுதான் எழுதி கொடுக்குறேன்.

இப்ப டீ விஷயத்துக்கு வர்றேன். ஒருத்தர் ஒரு பை நிறைய காய்ஞ்ச தாடி கொண்டுவந்தார், மூணு வாரமா கஷாயம் வச்சு குடிக்கிறதா சொன்னார். மேஜையில கொட்டி பிரிச்சா உஸ்னியா ரெண்டு வகை, ராமலினா கொஞ்சம், அடியில பளிச்சுனு மஞ்சள் பச்சையா லெத்தாரியா வல்பினா. எனக்கு கை நடுங்கிப்போச்சு. லெத்தாரியால இருக்குறது வல்பினிக் அமிலம், வட ஐரோப்பால ஓநாயையும் நரியையும் கொல்ல இதை இறைச்சில கலந்து வச்சிருக்காங்க, அதனாலதான் அதுக்கு ஓநாய் லைக்கன்னு பேர். உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாக்கச் சொல்லி அனுப்பினேன், மிச்சத்தையும் கூடவே எடுத்துட்டுப் போகச் சொன்னேன்.

சுத்தமா பிரிச்ச உஸ்னியா மட்டும்னா பரவாயில்லையானு கேப்பீங்க. அதோட மேல்தோலுக்கு அந்த மஞ்சள் பச்சையைக் கொடுக்குறது உஸ்னிக் அமிலம், 1844-லயே பிரிச்செடுத்தது. சில வகை பாக்டீரியாவை கொல்லும், அது உண்மை, ஆனா அது சோதனைத் தட்டுல. உடம்புக்குள்ள போனா செல்லுக்கு சக்தி தயாரிக்குற மைட்டோகாண்ட்ரியாவோட வேலையை அது கெடுக்குது, அதிகமா அடி வாங்குறது கல்லீரல். 2001-ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உஸ்னிக் அமில உப்பு கலந்த ஒரு எடை குறைப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்லி எச்சரிச்சது, சாப்பிட்டவங்களுக்கு கடுமையான கல்லீரல் பாதிப்பு வந்ததாலதான். தோல்ல பட்டாலே சிலருக்கு அரிப்பும் புண்ணும் வரும், காட்டுல மரம் வெட்டுறவங்ககிட்ட இது ரொம்ப நாளா தெரிஞ்ச பிரச்சனை. இதுக்கு மேல இன்னொண்ணு, வேரும் இல்லாம மெழுகுத் தோலும் இல்லாம காத்துல வர்றதையெல்லாம் அப்படியே உறிஞ்சி வச்சுக்குற உயிர் இது, அதுல ஈயம் மாதிரி கன உலோகமும் அடக்கம். எந்த ஸ்பீசிஸ், எவ்வளவு அமிலம், என்ன உலோகம்னு தெரியாம ஒரு டம்ளர் கஷாயத்துக்கு அளவு எப்படி வைக்கிறது?

அடுத்தது மரம் பத்தி. "இந்த தாடி என் மரத்தை உறிஞ்சி கொல்லுது"னு சொல்லி சுரண்டுறாங்க, மருந்து அடிக்கிறாங்க. அது மரத்துகிட்ட இருந்து சாப்பாடு எடுக்குறதே இல்லைங்க, பட்டை மேல உக்காந்துக்குது அவ்வளவுதான். மரம் வேற காரணத்தால இலை உதிர்க்கும்போது கிளைக்கு வெளிச்சம் கிடைக்குது, லைக்கன் நல்லா வளருது, நாம காரணத்தை தலைகீழா பாக்குறோம். வேரைப் பாருங்க, மண்ணுல தண்ணி நிக்குதானு பாருங்க.

அது அங்க தொங்குதுன்னா சந்தோஷப்படுங்க, புகையில வர்ற கந்தக டை ஆக்சைடை உஸ்னியா தாங்காது. 1970-ல இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கு காத்தோட தரத்தை லைக்கனை வச்சு அளக்க ஒரு பட்டியல் போட்டாங்க, உஸ்னியா நல்லா செழிச்சு நிக்குறது சுத்தமான காத்து இருக்குற முனையில. லாங்கிசிமா ஐரோப்பால பல இடத்துல காணாமலே போச்சு, புகையும் பழைய காடுகளை வெட்டுனதும் சேர்ந்து. அதுக்கு வித்து உருவாகுறது ரொம்ப அபூர்வம், துண்டு துண்டா ஒடிஞ்சு பக்கத்து கிளையில மாட்டித்தான் பரவும், அதனால தூரமா போகாது. ஒரு பை நிறைய பிய்ச்சா பல வருஷ வளர்ச்சி போச்சு. கஸ்தூரி மானுக்கு குளிர்காலத்துல முக்கிய சாப்பாடு இது மாதிரி மரத்துல தொங்குற லைக்கன்தான், வட அமெரிக்கால பருலானு ஒரு சின்ன குருவி உஸ்னியா தாடிக்குள்ளயும் கூடு கட்டுது.

எனக்கு மாதிரி அனுப்புறவங்க காத்துல ஒடிஞ்சு விழுந்த குச்சியோட சேர்த்து ஒரே ஒரு இழை எடுங்க, அது போதும். பிளாஸ்டிக் கவர்ல போட்டா பூசணம் பிடிச்சிடும், பேப்பர் கவர்ல போட்டு என்ன மரம், எவ்வளவு உயரம், எந்த தேதினு பென்சிலால எழுதுங்க. அடிப்பகுதி பட்டையோட ஒட்டியே இருக்கட்டும், அது இல்லாம நடுவுல அறுத்த இழையா வந்தா அடி கருப்பா, இல்ல வெளிறினதாங்குற முதல் கேள்விக்கே என்னால பதில் சொல்ல முடியாது.