கொள்ளுத்தாத்தாவின் ஊரும் ஓ.சி.ஐ. அட்டையும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பாட்டி என்னிடம் நாலு பக்கத் தாளை நீட்டினார். புரோக்கருக்குப் பணம் கொடுத்து வாங்கிய ‘கிராமச் சான்று’. ஊர்ப் பெயர், மக்கள்தொகை, எத்தனை வீடு, பஸ் உண்டா, ரயில் நிலையம் எவ்வளவு தூரம். கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப். வயிறு எரிந்தது. இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாவட்டக் கையேட்டில் இதெல்லாம் இனாமாகவே கிடைக்கும். சரி, அந்த ஊரில் எத்தனை வீடு என்று யார் கேட்டார்கள்? ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பித்தால், அங்கிருந்து கப்பலேறியவர் உங்களுக்கு என்ன உறவு என்று காட்டச் சொல்கிறார்கள்.

ஓ.சி.ஐ. (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) என்பது வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினர் இந்தியாவுக்கு ஆயுள் முழுக்கப் போய்வர ஒரு விசா. ஓட்டு கிடையாது. இரட்டைக் குடியுரிமை என்று சொல்லிக் காசு கேட்பவரை நம்பவே வேண்டாம்.

முதல் கண்ணி தலைமுறைக் கணக்கு. சட்டம் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்தியோடு நின்றுவிடுகிறது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குக் கூலிக் கப்பல்கள் வந்தது 1860 முதல் 1911 வரை. 1880களில் வந்த குடும்பத்தில் இன்றைய இளைஞர் பெரும்பாலும் ஐந்தாவது, ஆறாவது தலைமுறை. மொரீஷியஸில் ஏழாவது தலைமுறைக்கும் உண்டு என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். 2024இல் வந்த அந்த அறிவிப்பு மொரீஷியஸ்காரர்களுக்கானது. அதற்காக உடனே கைவிட வேண்டாம். அப்பா வழியை மட்டும் எண்ணிவிட்டு உட்காராதீர்கள். அம்மாவின் அம்மா வழியில் ஒருவர் 1909இல் வந்திருக்கலாம். அந்த வழியும் செல்லும்.

அடுத்தது பெயர். பெரும்பாலானோர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நம் குடும்பங்களில் தகப்பன் பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. கப்பல் பட்டியலில் வீராசாமி. அவர் மகன் முனுசாமி வீராசாமி. பேரன் பெருமாள் முனுசாமி. விண்ணப்பம் வாங்கும் கவுன்டரில் இருப்பவருக்கு இவர்கள் மூன்று வேறு குடும்பம். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் விட்ட கல்யாணங்களும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பழைய பிறப்பு, கல்யாண, இறப்புப் பத்திரங்களில் ‘காலனி எண்’, அதாவது கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவு எண், இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் எப்படித் திரிந்தாலும் அந்த எண் திரியாது. ஹோம் அஃபேர்ஸில் (தென்னாப்பிரிக்க உள்துறை அலுவலகம்) பெற்றோர் விவரம் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழையே கேளுங்கள். சும்மா கேட்டால் சுருக்கச் சான்றிதழைக் கையில் திணித்து அனுப்பிவிடுவார்கள், இன்னொரு நாள் போகும். பெயர் வேறுபாட்டுக்கு அஃபிடவிட் எழுதினால், போலீஸ் ஸ்டேஷனிலேயே காசில்லாமல் உறுதிமொழி முத்திரை போட்டுத் தருவார்கள். அதற்கும் புரோக்கர் வேண்டாம்.

ஊரைத் தேடத்தான் ஆசை என்றால் தேடுங்கள். ஆனால் கப்பல் பட்டியலில் ‘வட ஆற்காடு ஜில்லா, புதூர்’ என்று இருந்தால் எந்தப் புதூர்? அந்த ஜில்லா இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கிறது. ஒரு பகுதி ஆந்திராவின் சித்தூரில். தாலுகாவைப் பிடித்துக்கொண்டு போங்கள். இன்னொன்று, கணக்கெடுப்பு அட்டவணையில் வருவாய்க் கிராமங்கள் மட்டுமே வரும். உங்கள் ஊர் குக்கிராமமாக இருந்தால் பக்கத்துப் பெரிய ஊரின் பெயரில் அடங்கியிருக்கும். பஸ் பத்தியில் ‘ஏ’ என்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஊருக்குள் பஸ் இல்லை, ஐந்து கிலோமீட்டருக்குள் எங்கோ கிடைக்கும் என்று பொருள். வயதானவர்களை அழைத்துப் போனால் பக்கத்து டவுனிலேயே கார் பேசிவிடுங்கள்.

அப்புறம், பூர்வீக ஊரில் அரை ஏக்கர் வயல் வாங்கும் கனவோடு அட்டைக்கு விண்ணப்பிக்கிறவர்களும் உண்டு. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வீடு வாங்கலாம். ‘என் பெயரில் வாங்கி வைக்கிறேன், பணத்தை அனுப்பு’ என்று ஊரில் புதிதாய் முளைக்கும் சொந்தக்காரருக்கு ஒரு ராண்டும் அனுப்பாதீர்கள்.