பள்ளி கேன்டீனும் பெருங்காய டப்பாவும்

பிள்ளைக்கு சீலியாக் (கோதுமை போன்ற தானியங்களிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) என்று மருத்துவர் சொன்னதும் பெற்றோர் உணவியல் ஆலோசனைக்கு என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் முதலில் கேட்பது, "குளூட்டன் இல்லாத மாவு ராமநாதபுரத்தில் எங்கே கிடைக்கும்?" என்பதுதான். கூடவே ஆன்லைனில் பார்த்த விலையையும் சொல்வார்கள். அந்த விலைக்கு மாவு வாங்கி மாதம் முழுக்கச் சப்பாத்தி சுடுவது கடல் தொழிலை நம்பியிருக்கும் வீட்டுக்குக் கட்டுப்படியாகாது. அதற்குத் தேவையும் இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில்தான் குளூட்டன் இருக்கிறது. மைதா, ரவை, சேமியா மூன்றும் கோதுமையிலிருந்து வருபவை. அரிசி, உளுந்து, பயறுகள், கேப்பை (கேழ்வரகு), குதிரைவாலி, நிலக்கடலை, தேங்காய், பனங்கிழங்கு எதிலும் குளூட்டன் கிடையாது.

வட இந்தியாவில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு சீலியாக் இருக்கிறது. தெற்கே மிகக் குறைவு. அதனால் இங்கே பல பள்ளிகள் இந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்காது. ஆனால் உச்சிப்புளி கடற்படைத் தளத்துக்கும் மண்டபம் கடலோரக் காவல்படைக்கும் பஞ்சாப், ராஜஸ்தான் பக்கமிருந்து குடும்பங்கள் மாற்றலாகி வருகின்றன. நம் வீடுகளிலும் காலையில் பிஸ்கட், சாயங்காலம் பரோட்டா என்று கோதுமை ஏறிக்கொண்டே போகிறது. சீலியாக் உள்ள குழந்தைக்குக் குளூட்டனால் சிறுகுடலின் உள்சுவர் தேய்ந்துபோகும். அது ஆறும்வரை பாலும் செரிக்காமல் போகலாம். வீட்டில் முட்டை, மீன் சேர்க்காதவர்கள் என்றால் அந்தப் பிள்ளையின் தட்டு தானாகவே வீகன் தட்டாகிவிடும், அதாவது பால், முட்டை, மீன், இறைச்சி எதுவும் இல்லாத தட்டு. வீகனாக இருப்பது ஒரு குடும்பத்தின் விருப்பம். சீலியாக் உள்ளவருக்குக் குளூட்டனை விடுவது சிகிச்சை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, "ஒருநாள் சாப்பிட்டால் என்ன?" என்று கேட்காதீர்கள்.

அரசுப் பள்ளிச் சத்துணவு சோறுதான் என்பதால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருகிறார்கள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா வகைகள் வரும் நாட்களுக்கு மட்டும் தலைமையாசிரியரிடமும் சமைப்பவரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

தனியார் பள்ளி கேன்டீன் வேறு கதை. அப்படி ஒரு கேன்டீனில் சமைக்கும் அக்கா என்னிடம், "சோத்துலயும் சாம்பார்லயும் கோதுமை எங்க மேடம் இருக்கு?" என்றார். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. அசல் பெருங்காயப் பிசின் அப்படியே போட முடியாத அளவுக்குக் கடுப்பான வாசம் உள்ளது. அதனால் மாவும் கோந்தும் கலந்துதான் விற்கிறார்கள். "இத்தனை பேர் சாம்பார்ல ஒரு சிட்டிகைதானே மேடம்?" என்பது அவருடைய அடுத்த கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. குளூட்டன் இல்லாதது என்று பாக்கெட்டில் அச்சிட நம் நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். சிட்டிகைக் கணக்கு இங்கே செல்லாது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைத்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டாலே போதும். கடையில் வாங்கும் சாம்பார்ப் பொடியிலும் இதே பெருங்காயம் இருக்கக்கூடும்.

அப்புறம் மாவு மில். நம்மூர் மில்லில் கோதுமை அரைத்த அதே கல்லில்தான் கேப்பையும் அரைபடும். முன்னால் ஒரு கை அரிசியை விட்டுத் தள்ளினாலும் கல்லில் ஒட்டியது முழுக்கப் போகாது. கேப்பையைப் புடைத்து, கழுவி, ஊறவைத்து, கொஞ்சம் உளுந்தோடு கிரைண்டரிலேயே ஆட்டித் தோசை சுடுவது பாதுகாப்பு. பாக்கெட்டில் வரும் கேப்பைச் சேமியா, சிறுதானிய நூடுல்ஸ், ராகி பிஸ்கட் பலவற்றில் கோதுமையோ மைதாவோதான் பாதிக்கு மேல். முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்கம் படியுங்கள். மால்ட் என்றிருந்தால் அது பெரும்பாலும் பார்லி. ஃப்ரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸிலும் வழக்கமாகக் கோதுமை உண்டு.

பரோட்டா போட்ட கல்லில் தோசை, சமோசா பொரித்த எண்ணெயில் வடை என்பதும் கூடாது. இதற்கு ஆகும் செலவு தனியாக ஒரு தோசைக்கல், ஒரு கரண்டி, ஒரு வாணலி. காலையில் மைதா மூட்டையைப் பிரிக்கும் முன்பே இந்தப் பிள்ளைக்கான சமையலை முடித்து மூடி வைத்துவிட வேண்டும்.

குளூட்டனும் இல்லாமல், பால், முட்டை, மீனும் இல்லாமல் என்ன சமைப்பது? சோறு, துவரம்பருப்புச் சாம்பார், முருங்கைக்கீரை. இன்னொரு நாள் தட்டைப்பயறு புளிக்குழம்பு. குதிரைவாலிச் சாம்பார் சாதம். புளியோதரையும் கொண்டைக்கடலைச் சுண்டலும். காரத்துக்கு நம் முண்டு மிளகாய். தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு. இனிப்பு வேண்டுமென்றால் கீழக்கரைத் தொதல் இருக்கிறது. பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. பால், நெய் சேர்க்கவில்லைதானே என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தொதலைப் பார்த்தால் பிரவுனியெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை! ஒரு எச்சரிக்கை: காலை ஏழு மணிக்குக் கட்டிக்கொடுக்கும் டப்பாவில் தேங்காய்ச் சாதம், தேங்காய்ச் சட்னி வேண்டாம். நம் கடலோரப் புழுக்கத்தில் மதியத்துக்குள் ஊசிவிடும். கேன்டீனிலேயே சமைத்துச் சுடச்சுடப் போடும்போது தேங்காய் சேர்க்கலாம்.

அரிசி இலவசமாகவும் துவரம்பருப்பு மலிவாகவும் ரேஷனில் கிடைப்பதால் செலவு பெரிய தடையே இல்லை. சத்துதான் எனக்குக் கவலை. 10 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 32 கிராம் புரதம் வேண்டும். ஒரு கரண்டி தெளிவுச் சாம்பாரை நம்பினால் அது வராது. 30 கிராம் பயறு கிட்டத்தட்ட 7 கிராம் புரதம் தரும், கூடவே ஒரு கைப்பிடி வேர்க்கடலை வையுங்கள். பால் இல்லாத இடத்தில் கால்சியத்துக்குக் கேப்பையும் எள்ளுப்பொடியும்; 100 கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இரும்புச்சத்து உடம்பில் சேர, கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருக்கட்டும்.

பி12 வைட்டமின் மட்டும் இந்தத் தட்டில் வராது. அதற்கு மருத்துவர் சொல்லும் மாத்திரைதான் வழி. ரேஷனில் செறிவூட்டிய அரிசி வரும்போது இரும்பு, ஃபோலிக் அமிலத்தோடு பி12-ம் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். அதில் கலந்து வரும் வெளுத்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவை அரிசி மாவில் சத்து கலந்து செய்த மணிகள், எறியாதீர்கள்.

வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், எடை ஏறாமை, விடாத இரத்தசோகை என்றிருந்தால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போகாதீர்கள். நிறுத்திவிட்டுப் பரிசோதித்தால் இரத்தத்தில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் பரிசோதனை, அப்புறம் பத்தியம்.

வகுப்பாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிறந்தநாள் என்று யாராவது கேக்கோ பிஸ்கட்டோ கொண்டுவந்தால் இந்தப் பிள்ளை கைநீட்டத் தயங்கும், சில சமயம் தயங்காமல் வாங்கியும் தின்றுவிடும். உங்கள் மேசை இழுப்பறையில் நிலக்கடலையும் வெல்லமும் மட்டும் சேர்த்த கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் வைத்திருங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை யாரும் வகுப்பில் இல்லையே என்று ஒருமுறை கேட்டுவிட்டு எல்லோருக்கும் அதையே கொடுக்கலாம்.