“நாம விக்கலைன்னா வேற எவனாவது விப்பான்”

மதுரை மேலமாசி வீதியில் மியூச்சுவல் ஃபண்ட் விற்றுப் பிழைப்பவன் நான். 2025 மே மாதம் ‘ஆபரேஷன் சிந்தூர்’ நடந்தபோது ஆயுதம் செய்யும் பாதுகாப்புத் துறைக் கம்பெனிப் பங்குகள் ஏறின இல்லையா, அன்றைக்குப் பிடித்த தொல்லை இது. ‘பென்ஷன் பணம் வந்திருக்கு, டிஃபென்ஸ் ஃபண்டுல போடுங்க தம்பி’ என்கிறார்கள். போட்டால் எனக்கும் கமிஷன்தான், மறைப்பானேன். ஆனால் ரிஸ்க் என்று வாயைத் திறந்தால், நம்ம நாடு வெளிநாட்டுக்கு ஆயுதம் விற்பது சரிதான் என்று உலக நியாயம் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். போன வாரம் வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோடு என் பொறுமை தீர்ந்தது.

நாட்டுக்கு ராணுவம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வீட்டுக் காவலுக்குக் கம்பு வைத்திருப்பது வேறு, சண்டை நடக்கும் தெருவெல்லாம் போய்க் கம்பு விற்பது வேறு.

எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: ‘நாம விக்கலைன்னா வேற எவனாவது விக்கத்தான் போறான்.’ இதை நான் கந்துவட்டிக்காரர்களிடம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. இவர் அடுத்த தெருக்காரனைக் காட்டுவார், அவன் இவரைக் காட்டுவான். அதற்காக அவர்களை யாரும் சும்மா விட்டுவிடவில்லை, 2003ல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. ஆயுத வியாபாரத்தில் அந்த ‘வேற எவனோ’ யாரென்று பார்த்தால், ஆயுத வியாபாரத்தைக் கணக்கெடுக்கும் ஸ்டாக்ஹோமின் சிப்ரி ஆய்வு நிறுவனக் கணக்குப்படி 2020 முதல் 2024 வரை உலக ஏற்றுமதியில் அமெரிக்கா மட்டும் 43 சதவீதம். பிரான்ஸ், ரஷ்யா, சீனா, ஜெர்மனியைச் சேர்த்தால் 70ஐத் தாண்டிவிடும். ஒரு கடை மூடியிருந்தால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ள இது மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையா? போர் விமானம் வாங்கினால் உதிரிபாகம், பயிற்சி எல்லாம் பல வருடத்துக்கு அதே கடைதான். கடைக்காரன் கையை இறுக்கினால் விமானம் கொட்டகையில் கிடக்கும்.

‘ஆயுதம் இருந்தாத்தான் சமாதானம்’ என்று தலைமையாசிரியர் அடுத்ததை எடுத்தார். ஏணியில் நின்று சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்த பெயிண்டர் திரும்பினார். ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வருபவர்.

‘கிபிரும் காசு குடுத்து வாங்கினதுதானே ஐயா.’

அவ்வளவுதான். மறுபடி பட்டித் தகட்டைச் சுவரில் வைத்தார். கிபிர் என்பது வன்னியில் குண்டு போட்ட இலங்கை விமானப்படையின் போர் விமானம், இஸ்ரேல் விற்றது. மிக்-27 உக்ரைனிலிருந்து வந்தது, எஃப்-7 சீனாவிலிருந்து. வன்னிச் சனத்தோடு இந்த மூன்று நாட்டுக்கும் என்ன பகை?

தலைமையாசிரியர் அடுத்துச் சொன்னது, ஆயுதத் தொழிலால் வேலைவாய்ப்பு வருமாம். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி இருக்கின்றன, மதுரை இல்லை. அதை விடுங்கள். ராணுவத்துக்குப் போகும் அதே தொகை கல்விக்குப் போனால் இரண்டு மடங்குக்கு மேல் வேலை உருவாகும் என்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2011லேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். இதற்கு மட்டும் தலைமையாசிரியர் பதில் சொல்லவில்லை.

சரி, இத்தனைக்கும் அப்புறம் போட்டே தீருவேன் என்றால், மொத்தச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதீர்கள். பென்ஷன் பணத்தைத் தொடவே கூடாது. இந்தக் கம்பெனிகளுக்குப் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம் ஒன்றுதான், ஆர்டர் தள்ளிப்போனால் பங்கு படுத்துவிடும். கையில் இருக்கும் சாதாரண ஃபண்டிலேயே பாரத் எலெக்ட்ரானிக்ஸ் மாதிரி ராணுவத்துக்குச் சாமான் செய்யும் கம்பெனி ஏற்கெனவே இருக்கலாம், ஃபண்ட் எந்தெந்தப் பங்கில் பணம் போட்டிருக்கிறது என்று காட்டும் ஃபேக்ட்ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. எல்லையில் சண்டை என்று டி.வி.யில் ஓடும்போது எனக்குப் போன் போட்டு ‘இப்ப வாங்கலாமா’ என்று கேட்காதீர்கள். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.