ரெண்டு பாட்டில் ஏத்தினோம், தெம்பு வர்லியே சார்

காய்ச்சலுக்குக் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்த கேஸ், போன வாரம் இன்னொன்று. எழுபது தாண்டிய பெரியவர். இதயம் பலவீனம் என்று சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் போட்ட பழைய சீட்டு சட்டைப்பையிலேயே இருக்கிறது. மூன்று நாள் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. மகன் பக்கத்தில் எங்கோ கூட்டிப்போய் ஒரே மாலையில் இரண்டு பாட்டில் ஏற்றிவிட்டு, மறுநாள் காலையில் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார். "ரெண்டு பாட்டில் ஏத்தினோம் சார், தெம்பு வர்லியே."

பெரியவரால் படுக்க முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது. முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் பாதி நுரையீரல் வரைக்கும் கரகரவென்று சத்தம். இதயம் இறைத்துத் தள்ள முடியாத தண்ணீரெல்லாம் அங்கே தேங்கி நிற்கிறது. அதற்கு மேலே கையில் இரண்டு பாட்டில். 108-ஐக் கூப்பிட்டு ஸ்டான்லிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார்.

இனியாவது இந்தக் கணக்கைக் கேளுங்கள். நீங்கள் 'குளுக்கோஸ்' என்று கேட்டு வாங்கும் அரை லிட்டர் பாட்டிலில், ஐந்து சதவீதக் கரைசல் என்றால், இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்து டீஸ்பூன். அதிலிருந்து கிடைப்பது சுமார் 100 கலோரி, ஏறக்குறைய இரண்டு இட்லி. சட்னி கூடக் கிடையாது. 'சலைன்' என்றால் அதே அரை லிட்டரில் நாலரை கிராம் உப்பு. ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்குள் உப்பு சாப்பிடுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷர் மாத்திரை போடும் நீங்கள் வீட்டில் அப்பளத்தை ஒதுக்கிவிட்டு, இங்கே வந்து ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் உப்பை நரம்பில் ஏற்றிக்கொள்கிறீர்கள். இதில் சத்தும் கிடையாது, ரத்தம் ஊறவும் ஊறாது, காய்ச்சலுக்கு மருந்தும் கிடையாது. வாயால் குடிக்க முடிகிறவருக்கு இது விலை கூடின தண்ணீர்.

"ஏத்தினதும் எழுந்து நடந்தாரே சார்?" என்று கேட்பீர்கள். நடப்பார். சில இடங்களில் பாட்டிலுக்குள் ஸ்டீராய்டும் வலி ஊசியும் கலந்துவிடுகிறார்கள். காய்ச்சல் சட்டென இறங்கும், பசிக்கும், உடம்பு லேசாகும். நோய் உள்ளே அப்படியேதான் இருக்கும். சர்க்கரை நோயாளிக்கு அன்று இரவே சர்க்கரை எகிறும். டெங்கு என்றால் அந்த வலி ஊசி ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பாட்டிலுக்கு வாங்கும் காசு, பார்த்து மாத்திரை எழுதும் காசைவிடப் பல மடங்கு. அவ்வளவுதான் ரகசியம். ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. இதே வட சென்னை வியாசர்பாடியில் டாக்டர் திருவேங்கடம் ஐயா முதலில் இரண்டு ரூபாயும் அப்புறம் ஐந்து ரூபாயும் வாங்கிக்கொண்டு, 2020-இல் மறையும் வரை வைத்தியம் பார்த்தார்.

என்னை இந்தப் பக்கம் 'பர்மா டாக்டர்' என்பார்கள். ரங்கூனில் பிறந்தவன். 1962-இல் நே வின்னின் ராணுவ ஆட்சி வந்தது. 1964-இல் கடைகளை அரசே எடுத்துக்கொண்டது, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கும்பல் கும்பலாகத் தமிழர்கள் கப்பலேறினார்கள். அங்கே கடைக் கணக்குப்பிள்ளையாக இருந்த அப்பா, இங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா பீச் ரோடு பக்கம் அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், வண்டி போட்டார். வியாசர்பாடியில் குடிசை, மாநகராட்சிப் பள்ளி, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, திரும்ப வியாசர்பாடியிலேயே கிளினிக். அகதியாக வந்தவர் டாக்டர் ஆன கதையைச் சொல்லுங்கள் என்று அவ்வப்போது யாராவது வந்து உட்காருவார்கள். கதை அவ்வளவுதான். டாக்டர் ஆனதைவிட, பாட்டில் போடாத டாக்டராக இந்தத் தெருவில் காலம் தள்ளியதுதான் கஷ்டம். "கை ராசி இல்ல, வெறும் மாத்திரை எழுதி அனுப்பிச்சுடறாரு" என்று ஆரம்பத்தில் எதிர்ச்சாரிக்கே போனார்கள்.

அவர்களைக் குறை சொல்லவும் மனம் வராது. மூட்டை தூக்குகிறவருக்கு ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போச்சு. அப்பாவும் காய்ச்சலோடு வேலைக்குப் போனவர்தான். காசிமேட்டில் மீன்பிடி போட்டுக்குப் போகிறவர், கட்டட வேலைக்குப் போகிற பெண், மாதவரம் குடோனில் இருக்கும் பீகார் தம்பி, எல்லாரும் "நாளைக்கு வேலைக்குப் போவணும்" என்றுதான் வருகிறார்கள். அந்தத் தம்பிகளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட அறையில் ஆள் இல்லை. ஊசி போடு என்று கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கோபம் வருவதற்குள் அப்பா ஞாபகம் வந்துவிடும்.

குடிக்கிற தண்ணீரை ஏளனமாக நினைப்பவர்கள் 1971-ஐத் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கதேசப் போரில் அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிந்தார்கள். மேற்கு வங்கத்தில் பன்காவ் முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பிவைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. காலராவையே டம்ளரால் ஜெயித்திருக்கிறார்கள். உங்கள் வைரல் காய்ச்சலுக்குப் பாட்டில் கேட்கிறீர்கள்.

அதே மாதிரி உப்பு சர்க்கரைத் தண்ணீருக்கான பொடிதான் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள், உப்பு ஏறி வலிப்பு வரலாம். பாக்கெட் இல்லையா, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் திரும்பக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். என்று போட்டு விற்கும் பழரச டப்பாவை வாங்காதீர்கள். அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் தடையே வந்துவிட்டது, பழைய சரக்கு இன்னும் எங்காவது இருக்கும். இதயம், சிறுநீரகம் பலவீனமானவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். கடையில் கேட்டு வேறு வலி மாத்திரை வாங்காதீர்கள்.

பாட்டில் நிஜமாகவே தேவைப்படும் நேரம் உண்டு. எது குடித்தாலும் வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, ஆள் மயங்கி மயங்கி விழுகிறார், தண்ணீராகவே போகிறது என்றால் வீட்டில் உட்காராதீர்கள். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலியோ ரத்தக் கசிவோ வந்தாலும் அப்படித்தான். ஸ்டான்லிக்கோ தண்டையார்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ போங்கள். அங்கே அளவு பார்த்து ஏற்றுவார்கள்.

மற்றபடி யாராவது பாட்டிலை மாட்டினால் உள்ளே என்ன மருந்து கலந்தீர்கள் என்று கேளுங்கள். பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் கையை மடக்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.